சாரல் நகர், இரண்டாவது மாடி

ஜூன் 8, ஞாயிறு

இன்றோடு ஏழு வீடு பார்த்தாயிற்று. ஏழாவது வீட்டுக்காரருக்கு மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் கட்டினவை. எவன் கட்டினானோ, ஈறு தெரிய அசிங்கமாகக் கட்டி வைத்திருக்கிறான். பல் டாக்டராக இருப்பதில் இது ஒரு தொல்லை. ஒருத்தர் சிரித்தால் எனக்கு முகம் அப்புறம்தான் தெரியும், பல் முதலில் தெரிந்துவிடும்.

மனிதர் நன்றாகத்தான் சிரித்தார். பாத்ரூமைத் திறந்து காட்டினார். குழாயைத் திறந்து, "காவேரித் தண்ணிம்மா, வேணா குடிச்சுப் பாருங்க" என்றார். பிறகு பரிதியிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார். பரிதி சொன்னான். "ஊருக்குள்ளயே வீடா?" என்றார். பரிதி, "இல்லைங்க, கொஞ்சம் தள்ளி" என்றான். அவ்வளவுதான். குழாயை மூடினார். "மச்சினன் குடும்பம் வர்றதா ஒரு பேச்சு இருக்கு. கேட்டுட்டு போன் பண்றேன்."

இந்தத் திருச்சியில் இருக்கும் மச்சினன்களை எல்லாம் எண்ணினால் ஒரு தனித் தொகுதியே வைக்கலாம். நாலு வீட்டுக்கு மச்சினன் வருகிறான். இரண்டு வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து மகன் வருகிறான். ஒரு வீட்டில் மட்டும் பேச்சை வளர்க்காமல் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் கதவைக்கூட மன்னித்துவிடுவேன், இந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வரும் வழியில் ஆட்டோக்காரருக்குக் கேட்கும்படி கத்தினேன். "உனக்கு இது புதுசு ரேணு, அதான்" என்றான் பரிதி. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் எனக்குப் புதுசாம்.

இப்போது இருக்கும் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பக்கத்திலேயே கல்யாண மண்டபம், முகூர்த்த நாளென்றால் விடிவதற்குள் நாதஸ்வரம் ஆரம்பித்துவிடும். எனக்கு ஐந்தாம் மாதம். போன மாதம் லேசாக ரத்தம் பட்டதிலிருந்து படி ஏறவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். போன வருஷம் ஒன்று தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஜூன் 11, புதன்

போன் வந்தது. மச்சினன் வருகிறானாம்.

ஜூன் 15, ஞாயிறு

வீடு கிடைத்துவிட்டது!

ஊருக்கு வெளியே சாரல் நகர். மனை போட்டு நாலு வருஷம்தான் ஆகிறதாம். தார் ரோடு புதுசு, விளக்குக் கம்பம் புதுசு, ரோட்டோரம் நட்ட புங்கங்கன்றுகளுக்கு இன்னும் கம்பிக் கூண்டு எடுக்கவில்லை. பாதி மனைகளில் எல்லைக் கல் மட்டும் நிற்கிறது. ஆட்டோ நின்றதும் காதுக்குள் ஏதோ அடைத்தாற்போல் இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அது அமைதி. ஒரு குயில் கத்தியது, ஒரு வீட்டுக் குக்கர் விசிலடித்தது. வேறு சத்தமே இல்லை.

மொத்தம் எட்டு வீடுகள் கொண்ட கட்டடம். எங்களுடையது இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு. பின்பக்கம் வேலை செய்பவர்கள் ஏறி இறங்க ஒரு இரும்புச் சுழல்படியும் இருக்கிறது. வீட்டுக்காரர் சிவக்கொழுந்து, சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிர் வீட்டிலேயே மனைவி விசாலாட்சியோடு இருக்கிறார். அந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். முப்பத்திரண்டு பல்லும் சொந்தம், ஒரு சொத்தை இல்லை! என் வயிற்றைப் பார்த்ததும் மோர் கொண்டுவந்து கொடுத்தார். தெற்குப் பக்க ஜன்னலைத் திறந்ததும் காற்று அப்படி வந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன், இதுதான் என் வீடு.

எல்லாம் பேசி முடித்த பிறகு சிவக்கொழுந்து பரிதியைப் பார்த்து, "குலதெய்வம் எதுங்க தம்பி?" என்று கேட்டார்.

பரிதி வாயைத் திறந்தான். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். "வேலங்குடி பச்சையம்மன்ங்க."

"அடடே! நம்ம பக்கம்!" என்று விசாலாட்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பரிதி சுவரில் இருந்த ஸ்விட்சை இரண்டு தரம் போட்டு அணைத்தான். கரண்ட் வருகிறதா என்று பார்த்தானாம்.

ஆட்டோவில் வரும்போது அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "காத்து நல்லா வருது."

ஜூன் 16, திங்கள்

நான் பொய் சொல்லவில்லை. பச்சையம்மன் எங்கள் அப்பா வீட்டுச் சாமி. எனக்கு மொட்டை போட்டது அங்கேதான், காது குத்தியதும் அங்கேதான். கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் குலதெய்வம் என்பது ஊர் வழக்கம். யார் போட்ட வழக்கம்? அந்த வழக்கத்தை நான் ஏன் மதிக்க வேண்டும்? பரிதியைக் கட்டிக்கொண்டதற்காக அப்பா என்னை வீட்டுப் படியேறக் கூடாது என்று சொல்லி மூன்று வருஷமாகிறது. அவர் செய்தது அத்தனைக்கும் அவருடைய சாமி எனக்கு ஒரு வீடாவது வாங்கிக் கொடுக்கட்டுமே.

எழுதி முடித்த பிறகும் தூக்கம் வரவில்லை. புழுக்கமாக இருக்கும்.

ஜூன் 27, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டால் வீடு மாற முடியாது என்று அவசர அவசரமாகக் குடிவந்தாயிற்று. பால் காய்ச்சினோம். விசாலாட்சியம்மா குத்துவிளக்கு ஏற்றினார். மிக்ஸி மூடியைக் காணவில்லை.

ஜூலை 3, வியாழன்

இன்று பரிதியின் அம்மா வந்துவிட்டார்கள். குழந்தை பிறக்கும் வரை எங்களோடுதான் இருப்பார்கள். தனபாக்கியம் டீச்சர் என்றால் அவர்கள் ஊரைச் சுற்றிப் பத்து மைலுக்குத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பத்துநாலு வருஷம் கணக்கு வாத்தியார், அதில் கடைசி ஒன்பது வருஷம் தலைமை ஆசிரியை. கடைத்தெருவில் அவர்கள் நடந்தால் நரைத்த மீசைக்காரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு மாமியார் என்று பயம் கிடையாது, ஹெட்மிஸ்ட்ரஸ் என்றுதான் கொஞ்சம் பயம். அவர்களுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. அதற்கும் சேர்த்துத்தான் லிஃப்ட் வைத்த வீடு பார்த்தோம்.

வந்ததும் வராததுமாகப் பட்டுப்புடவையை மாற்றிப் பழைய நூல்புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்கள். "நீ காலை நீட்டி உக்காரு ரேணும்மா. எதிர் வீட்டுக்காரங்க எப்படி?" என்று கேட்டார்கள். தங்கமானவர்கள் என்று சொன்னேன்.

சாயங்காலம் விசாலாட்சியம்மா கிண்ணத்தில் கொழுக்கட்டை கொண்டுவந்தார். வாசலில் நின்றே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சமையலுக்கு ஆள் வச்சுட்டியா? நல்ல வேலை செஞ்ச" என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். கொழுக்கட்டைக்கு மாவு கடையில் வாங்கியதா, வீட்டில் இடித்ததா என்று கேட்டேன். இடித்ததாம்.

பரிதியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது?

ஜூலை 9, புதன்

அத்தை ஒரு மாதிரியாக இருக்கிறார்கள். கையில் எப்போதும் கட்டியிருக்கும் வாட்சைக் கழற்றிவிட்டார்கள். ஹாலில் வந்து உட்காருங்கள் என்றால் சமையலறையில்தான் காற்று நன்றாக வருகிறது என்கிறார்கள். சமையலறையில் ஜன்னல் ஒரு முழம்கூட இல்லை. காய் வாங்கப் போனால் பின்பக்கச் சுழல்படியில் இறங்குகிறார்கள். "முட்டியை வச்சுக்கிட்டு ஏன் அத்தை?" என்று கேட்டால், "உக்காந்தே இருந்தா மூட்டு பிடிச்சுக்கும்மா, நடக்கச் சொல்லிருக்காங்க" என்கிறார்கள். எந்த டாக்டர் சுழல்படியில் நடக்கச் சொன்னான்? பிடிவாதம்! அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பிடிவாதத்துக்குக் குறைச்சலே இல்லை.

எனக்கு ரத்தம் படுவது முழுக்க நின்றுவிட்டது. குழந்தை நேற்று அசைந்தது. உள்ளே மீன் குட்டி ஒன்று திரும்பிப் படுத்த மாதிரி இருந்தது. அத்தைதான் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "ஆமா ஆமா" என்று சிரித்தார்கள்.

ஜூலை 14, திங்கள்

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கிளினிக்கிலிருந்து வந்து லிஃப்ட் கதவைத் திறந்தால் எதிரே விசாலாட்சியம்மா. "ஒங்க சமையல்காரம்மா ரொம்ப மரியாதை தெரிஞ்சவங்க ரேணு. லிஃப்ட்ல வாங்கன்னாலும் வர்றதில்ல, பின்னாடியேதான் போறாங்க. நேத்து குப்பை கொட்டப் போனாங்க. எங்க வீட்டுக் குப்பையையும் சேத்துக் குடுத்தேன். ஒரு வார்த்தை பேசாம வாங்கிட்டுப் போனாங்க."

குப்பை! எங்கள் அத்தை கையில்! அறுபத்தைந்து வயசு, தேய்ந்த முட்டி, ஒரு கையில் எங்கள் குப்பை, இன்னொரு கையில் எதிர் வீட்டுக் குப்பை, இரும்புப் படியில் இறங்கியிருக்கிறார்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்பதுகூட நினைவில்லை. சாவி பூட்டில் நுழையவில்லை. இரண்டு தரம் கீழே போட்டேன்.

உள்ளே போய்க் கேட்டேன். "ஏன் அத்தை அவங்க குப்பைய வாங்கினீங்க?"

"குப்பைத் தொட்டி ஒண்ணுதானேம்மா. போற வழிதானே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்களே போய்ச் சமையல்காரி என்று சொல்லியிருக்கிறார்கள். நான் பச்சையம்மன் என்று சொன்னதைப் பரிதி எப்போதோ உளறியிருப்பான். வீடு கையை விட்டுப் போய்விடக் கூடாது என்று இவர்களே இந்த வேஷத்தைக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. யார் கேட்டார்கள் இந்தத் தியாகத்தை?

பரிதி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஷூவைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் அம்மாகிட்ட ஒண்ணுமே சொல்லலையே ரேணு. அம்மா ஏன் அப்படிச் சொல்லணும்?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அந்தம்மா கேட்டப்ப நீ என்ன சொன்ன?" என்றான்.

"நான் ஒண்ணும் சொல்லல."

"சரி" என்றான். "நானும்தான் அன்னைக்கு வாய மூடிட்டு ஸ்விட்ச் போட்டுப் பாத்துட்டு நின்னேன்."

அவன் போய் அம்மாவிடம் ஏதோ கேட்டான். "புள்ள பொறக்கட்டும் சாமி, அப்புறம் பேசிக்கலாம்" என்ற பதில் மட்டும் என் காதில் விழுந்தது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். குழந்தைக்காகச் சாப்பிட வேண்டியிருக்கிறதே.

ஜூலை 15, செவ்வாய்

கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்க வேறு பல்லுக்குரிய இடுக்கியை எடுத்துவிட்டேன். ஏழு வருஷத்தில் இது முதல் தடவை. பேஷண்ட்டே, "டாக்டர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. விசாலாட்சியம்மா கூழ் கொடுத்தனுப்பினார். அத்தை குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை, சிங்கில் கொட்டிவிட்டேன். இப்படியே விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். வீடு போனால் போகட்டும். ஆட்டோ வைத்துத் தெருத் தெருவாகச் சுற்றினாலும் சரி. இதைத் தீர்மானித்த பிறகுதான் ஒழுங்காக மூச்சு வருகிறது.

ஜூலை 20, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் போனேன். பரிதி கடைக்குப் போயிருந்தான். சிவக்கொழுந்து கோயிலுக்குப் போயிருந்தார். விசாலாட்சியம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நரம்பு உரித்துக்கொண்டிருந்தார். நான் உட்காராமலே சொன்னேன். முந்தின நாள் குளியலறையில் சொல்லிப் பார்த்த அதே வரிசையில்.

"ஆன்ட்டி, அவங்க சமையல்காரம்மா இல்ல. என் மாமியார். பேரு தனபாக்கியம். ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்க. அன்னைக்கு நான் சொன்ன சாமி எங்கப்பா வீட்டுச் சாமி. பரிதி வீட்டுச் சாமி வேற. நாங்க மறைச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. காலி பண்ணச் சொன்னா பண்ணிடறோம்."

அவர் அவரைக்காயைக் கீழே வைக்கவில்லை.

"உக்காரு முதல்ல. மூச்சு வாங்குது பாரு" என்றார். "இதச் சொல்லவா வந்த? எனக்குத் தெரியுமே."

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"அக்ரிமென்ட் போடத் தம்பி ஆதார் குடுத்தாருல்ல. அதுல தெருப் பேரு இருக்குதே. ஊர் ஊரா அளந்தவருக்கு எது எந்தத் தெருன்னு தெரியாதா? அன்னைக்கே பாத்துட்டு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான், பொண்ணு நம்ம பொண்ணு, மாசமா இருக்குது, பாவம், குடுத்துருங்கன்னேன். வெளிய தெரியாம நடந்துக்குவாங்களான்னு அவருக்கு ஒரு சந்தேகம். அந்தம்மா வந்தப்பவே எனக்குத் தெரியும், தம்பி மூக்கு அப்படியே இருக்கே! சமையலுக்கு ஆளான்னு ஒன்னக் கேட்டேன். நீ, ஆமா ஆன்ட்டின்னு சொன்ன. அப்பவே அவர்கிட்ட போயிச் சொல்லிட்டேன், பயப்படாதீங்க, நல்ல பொண்ணு, புரிஞ்சுக்கிட்டான்னு."

தெரிந்தேதான் கேட்டிருக்கிறார். தெரிந்தேதான் குப்பையைக் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேலாக அந்த இரும்புப் படியில் யார் ஏறி இறங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.

"இதுக்கெல்லாம் எதுக்கு வீட்டக் காலி பண்ணணும்? யாராவது ஏதாவது கேட்டாங்களா? இப்படியே இருந்துக்கங்க. ஆவணியில வளைகாப்பு வைப்போம். ஒங்கம்மா இடத்துல நான் நின்னு செய்யறேன். சமையல அந்தம்மா பாத்துக்கட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தன.

ஏழு வீட்டுக்காரர்களையும் திட்டித் தீர்த்தவள் நான். ஆட்டோவில் கத்தியவள் நான். இங்கே "வளைகாப்பு வேண்டாம்" என்று மட்டும் சொன்னதாக நினைவு. எழுந்து வந்துவிட்டேன்.

இங்கே ஒன்றைத் திருத்தி எழுத வேண்டும். மூன்றாம் தேதி நான் பேச்சை மாற்றியதாக எழுதியிருக்கிறேன். மாற்றியது உண்மைதான். அதற்கு முன்னால் "ஆமா ஆன்ட்டி" என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் கொழுக்கட்டை மாவைப் பற்றிக் கேட்டேன். இது எனக்கு மறந்துபோயிருந்தது என்று எழுதலாம். மறக்கவில்லை.

அதே நாள், மதியம்

காலையில் நடந்தது அதோடு முடியவில்லை. வீட்டுக்குள் வந்தபோது அத்தை தோசை வார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை, கோபம், வெட்கம் எல்லாம் ஒன்றாகப் பொங்கியது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அவர்கள்மேல் காட்டினேன். "அவங்களுக்கு முதல்ல இருந்தே தெரியுமாம் அத்தை! எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் உங்களப் படியில ஏறவிட்டுப் பாத்துருக்காங்க! உங்கள யாரு சமையல்காரின்னு போய்ச் சொல்லச் சொன்னா? எதுக்கு உங்களுக்கு இந்த வேலை?"

அத்தை அடுப்பை அணைத்தார்கள். தோசைத் திருப்பியை மேடையில் வைத்தார்கள். "முதல்ல இருந்தேவா?" என்று கேட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு சொன்னார்கள். "நான் யார்கிட்டயும் போய் ஒண்ணும் சொல்லலையேம்மா."

"பின்ன?"

"அன்னைக்கு நான் இங்கதான் நின்னு கொத்தமல்லி ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். அந்தம்மா கேட்டதும் கேட்டுச்சு. நீ ஆமான்னு சொன்னதும் கேட்டுச்சு." எனக்கு அறிவுரை சொல்கிற குரல் இல்லை, திட்டுகிற குரலும் இல்லை. வகுப்பில் கணக்குக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார்கள். "புள்ளத்தாச்சி. ரத்தம் பட்டு அப்பத்தான் நின்னுருந்துச்சு. நான் வெளிய வந்து மாமியாருன்னு நின்னா நீ பொய் சொன்னவளா ஆயிடுவியேம்மா. அதான்."

பின்னால் பை ஒன்று தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. திரும்பினேன். பரிதி கடையிலிருந்து வந்து நின்றுகொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அவனிடம் சொல்லி ஆறு நாள்தான் ஆகிறது.

ஜூலை 21, திங்கள்

வேலை பார்க்கும் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் பரிதி வீடு பார்க்கக் கிளம்பினான். ஆடியில் யாராவது வீடு பார்ப்பார்களா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அத்தையும் கூடவே கிளம்பினார்கள். பட்டுப்புடவை கட்டி, கையில் வாட்ச் கட்டியிருந்தார்கள். "வாசல்லயே நாங்க இன்னாருன்னு சொல்லிட்டுத்தான் சாமி உள்ள போவணும். குடுத்தா குடுக்கட்டும்" என்று அவனிடம் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்கள்.

"நானும் வர்றேன்" என்றேன்.

பரிதி கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அத்தைதான் பதில் சொன்னார்கள். "வேணாம்மா. அங்க யாராவது ஏதாவது கேப்பாங்க. நீ இரு."